தளர்ந்த தாடையும் மெல்லிய இசையும்: வலியைத் தணிக்க ஓர் எளிய பயிற்சி

வயிற்றில் ஆபரேஷன் முடிந்த மறுநாளே நோயாளியை எழுந்து நடக்கச் சொல்வார்கள். நுரையீரலில் சளி தேங்காமல் இருக்கவும், காலில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கவும், குடல் மறுபடி அசையத் தொடங்கவும் அந்த நடை தேவை. ஆனால் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டதுமே தையல் போட்ட இடம் சுண்டி இழுக்கும். உடனே மூச்சை அடக்கிக்கொள்வோம், பல்லைக் கடிப்போம், வயிற்றைக் கல்லாக இறுக்கிக்கொள்வோம். அந்த இறுக்கம் முழுவதும் தையலின்மேல் போய் விழுகிறது. வலி கூடுகிறது. வலி கூடியதும் பயம் வருகிறது. பயம் இன்னும் இறுக்குகிறது.

இந்தச் சுழலை நடுவில் அறுப்பதுதான் தளர்வுப் பயிற்சியின் வேலை. இசை அதற்குத் துணை. இரண்டுமே வலி மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை. மருந்தை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டியவை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ‘இசையால் நோய் தீரும்’ என்று சொல்பவர்களும் ‘பாட்டுக் கேட்டால் வலி போகுமா’ என்று சிரிப்பவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இது எந்த அளவுக்கு உதவும் என்பதை இரு தரப்பும் பார்ப்பதில்லை.

வலி எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது

காயம் பட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாகச் செய்தி முதுகுத் தண்டுக்குப் போகிறது, அங்கிருந்து மூளைக்கு. அந்தச் செய்தி அப்படியே போய்ச் சேர்வதில்லை என்பதை 1965ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள். முதுகுத் தண்டில் ஒரு கதவு இருப்பதுபோல, வலிச் செய்தி சில நேரம் தாராளமாக உள்ளே விடப்படுகிறது, சில நேரம் பாதி தடுக்கப்படுகிறது என்பது அதன் சாரம். இடித்துக்கொண்ட முழங்காலை உடனே தேய்த்துவிடுகிறோமே, அந்தத் தேய்ப்பின் தொடு உணர்வு இந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துகிறது. மூளையிலிருந்தும் கீழ்நோக்கி வரும் நரம்புப் பாதைகள் உண்டு. அவையும் கதவைச் சாத்தும், திறக்கும். பயம், கவலை, வலியையே நினைத்துக்கொண்டு கிடப்பது ஆகியவை திறக்கின்றன. அமைதி, வேறொன்றில் கவனம், ‘இது என் கைக்குள் இருக்கிறது’ என்ற உணர்வு ஆகியவை சாத்துகின்றன. அந்தக் கோட்பாட்டின் விவரங்கள் பிறகு பல திருத்தங்களைக் கண்டன. ஆனால் மூளை வலியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

எனவே வலியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஒன்று, உடலில் உணரும் வலியின் அளவு. மற்றொன்று, அந்த வலி உங்களைப் படுத்தும் பாடு. ஒரே அளவு வலி, ‘தையல் ஆறுகிறது’ என்று தெரிந்தால் ஒருவிதமாகவும் ‘உள்ளே ஏதோ ஆகிவிட்டது’ என்று பயந்தால் வேறுவிதமாகவும் படுத்தும். தளர்வும் இசையும் இந்த இரண்டின்மீதும் வேலை செய்கின்றன.

உடலுக்குள் நடப்பது இது. வலியும் பயமும் வந்தால் நாடி வேகமாகும், ரத்த அழுத்தம் ஏறும், மூச்சு மேலோட்டமாகும், தசைகள் இறுகும். ஆபத்திலிருந்து தப்பி ஓடுவதற்கான ஆயத்தம் அது. படுக்கையில் கிடப்பவருக்கு அதனால் பயன் ஏதுமில்லை. மெதுவாக, நீளமாக மூச்சு விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது; தசைகள் தளர்ந்தால் மூளைக்கு ‘ஆபத்து இல்லை’ என்ற செய்தி போகிறது. வேகத்தைக் குறை என்று இதயத்துக்கு நேரடியாக ஆணையிட நம்மால் முடியாது. ஆனால் மூச்சும் தசையும் நம் பேச்சைக் கேட்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கீழே இறக்குகிறோம்.

தாடையிலிருந்து தொடங்குவது

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செவிலியர் துறை ஆய்வாளர் மேரியன் குட், இந்த முறையை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1999இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 500 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தாடைத் தளர்வு, ஒரு குழுவுக்கு இசை, ஒரு குழுவுக்கு இரண்டும், கடைசிக் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வலி மருந்து நான்கு குழுவுக்கும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் இரண்டு நாட்களில், பயிற்சி பெற்ற மூன்று குழுக்களுக்கும் மொத்தத்தில் வலி குறைவாக இருந்தது. ஆபரேஷனுக்கு முன்பே பயிற்சியைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். இதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஏன் தாடை? வலி வந்தால் பல்லைக் கடிக்கிறோம், தாடை இறுகுகிறது. மேலும், படுத்த படுக்கையில் கை, கால், வயிறு என்று ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவது ஆபரேஷன் ஆனவருக்கு முடியாது. தாடையை யாராலும் தளர்த்த முடியும்.

செய்முறை இப்படி. கீழ்த்தாடையை லேசாகக் கீழே விடுங்கள், சின்னக் கொட்டாவி தொடங்கப்போவதுபோல. பற்கள் ஒன்றோடொன்று படக்கூடாது. நாக்கை அசைக்காமல் வாயின் அடிப்பகுதியில் கிடக்க விடுங்கள். உதடுகள் மென்மையாகட்டும். மெதுவாக, ஒரே சீராக, மூன்று கட்டமாக மூச்சு: உள்ளே இழுப்பது, வெளியே விடுவது, சற்று ஓய்வது. கடைசியாக, சொற்களை நிறுத்துங்கள். உதட்டால் மட்டுமல்ல, மனதுக்குள்ளும் சொல் உருவாக்காமல் இருக்க முயலுங்கள். மனதுக்குள் பேசும்போதுகூட நாக்கிலும் உதட்டிலும் மிக நுண்ணிய அசைவு இருக்கும். நாக்கு உண்மையிலேயே சும்மா கிடந்தால் மனப்பேச்சும் கொஞ்சம் அடங்கிப்போகிறது. இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பார்வையில் இதுவே இந்த முறையின் உயிர்.

மூச்சின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். நான்கு எண்ணும் நேரம் இழுத்து, ஆறு எண்ணும் நேரம் விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஆரோக்கியமாக இருப்பவர் பழகும்போது அது நல்ல இலக்கு. ஆபரேஷன் ஆனவர் அந்த அளவுக்கு மெதுவாக்கத் தேவையில்லை. விடும் மூச்சு இழுக்கும் மூச்சைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும்.

உடம்பில் புண்ணோ தையலோ இல்லாமல், கழுத்து வலி, தலைவலி, நாள்பட்ட முதுகு வலி போன்றவற்றால் அவதிப்படுபவர்களுக்கு முழு உடல் பயிற்சி பொருந்தும். சிகாகோவில் பணியாற்றிய மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் உருவாக்கியது அது. ஒவ்வொரு தசைத் தொகுதியையும் 5 முதல் 7 வினாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 முதல் 30 வினாடி அந்தத் தளர்வைக் கவனிக்க வேண்டும். வலது கை முஷ்டி, மேற்கை, இடது கை, நெற்றி, கண், தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று போகலாம். முழு பலத்தில் பாதிக்குமேல் இறுக்க வேண்டாம். கெண்டைக்காலையும் பாதத்தையும் இறுக்கும்போது விரல்களைக் கீழ்நோக்கி மடக்கினால் சதை பிடித்துக்கொள்ளும். முன்பாதத்தை முழங்காலை நோக்கி இழுப்பது பாதுகாப்பு. வலிக்கும் பகுதியை இறுக்காமல் தளர்த்த மட்டும் செய்யுங்கள். இறுக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும், அதனால் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

எந்த இசை

வலியைத் தணிக்கும் ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்ட இசைக்குச் சில பொதுக் குணங்கள் உண்டு: நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு, பாடல் வரிகள் கிடையாது, திடீர் ஏற்ற இறக்கம் கிடையாது, பலத்த தாளவாத்தியம் கிடையாது. தட்டை எண்ணுவது எளிது. பாட்டைப் போட்டு, இயல்பாகக் கால் எங்கே தட்டுகிறதோ அதை 15 வினாடி எண்ணுங்கள். 15 முதல் 20க்குள் வந்தால் சரி.

வரிகள் வேண்டாம் என்பதற்குக் காரணம் மேலே சொன்னதுதான். சொல் காதில் விழுந்தால் மனம் கூடவே பாடும்; நாக்கு அசையும். பழைய சினிமாப் பாட்டு ஒவ்வொன்றோடும் நினைவுகள் வேறு ஒட்டிக்கொண்டு வரும். இறந்துபோன அம்மாவுக்குப் பிடித்த பாட்டு தளர்வைத் தருமா, அழுகையைத் தருமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் இதில் கண்டிப்பு கூடாது. ஊசி போடும்போது, கட்டு மாற்றும்போது, ஐந்து நிமிடம் கவனத்தைத் திருப்பினால் போதும் என்ற இடங்களில், பிடித்த பாட்டு, கூடவே முணுமுணுக்கத் தூண்டும் பாட்டு, நன்றாகவே உதவும். தளர்வுக்கு வரியில்லாத இசை, கவனத்தைத் திருப்பப் பிடித்த பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு நோயாளியுடையதாக இருக்க வேண்டும். மேரியன் குட்டின் ஆய்விலும் ஒரே இசையை எல்லோர்மீதும் திணிக்கவில்லை. சிந்தசைசர், ஹார்ப், பியானோ, ஆர்கெஸ்ட்ரா, மெதுவான ஜாஸ் ஆகியவற்றிலிருந்து அவரவர் விரும்பியதை எடுத்துக்கொண்டார்கள். நம் காதுக்கு ஹார்ப் அந்நியமாக இருக்கலாம். புல்லாங்குழல், வீணை, வயலின் ஆலாபனைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆலாபனையில் வரியும் இல்லை, கட்டான தாளமும் இல்லை. ஆனால் கச்சேரிப் பதிவை அப்படியே ஓடவிட்டால் சிக்கல். ஆலாபனை முடிந்து கீர்த்தனை, நிரவல், கற்பனை ஸ்வரம் என்று வேகம் ஏறி, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முழங்கும்போது, பாதித் தூக்கத்தில் இருப்பவர் திடுக்கிட்டு எழுவார். ஆலாபனைப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அல்லது வெறும் தம்பூரா சுருதியே போதும்.

‘இன்ன ராகம் இன்ன நோய்க்கு’ என்ற பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. நீலாம்பரியைத் தாலாட்டுக்கு உரியதாகக் கொள்வது நம் மரபு. அதைத் தூங்கப் போகும்முன் கேட்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் ராகத்துக்கு ராகம் நோயைப் பொருத்திச் சொல்லும் அளவுக்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ ராகத்தை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

இரண்டையும் சேர்த்து

ஆபரேஷன் தேதி தெரிந்துவிட்டால், குறைந்தது ஒரு வாரம் முன்னதாகவே தொடங்குங்கள். நாளுக்கு இரண்டு வேளை, 15 நிமிடம். முதலில் இசையைப் போட்டு ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். பிறகு தாடை, நாக்கு, உதடு, மூச்சு என்ற வரிசை. பிறகு இசையைப் பின்தொடருங்கள். மனம் அலைந்தால் அதட்ட வேண்டாம். தாடை மறுபடி இறுகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் இறுகியிருக்கும். தளர்த்திவிட்டு மறுபடி இசைக்கு வாருங்கள்.

ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் கற்பனைக்கு எட்டிய மிக மோசமான வலி. படுத்தும் பாட்டுக்கும் தனியாக ஒரு மதிப்பெண். வலி 6இலிருந்து 5தான் ஆனது, ஆனால் படுத்தும் பாடு 7இலிருந்து 4 ஆனது என்றால் பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம். எழுதிப் பார்க்காதவர்கள் ‘வலி போகவில்லையே’ என்று இரண்டே நாளில் விட்டுவிடுகிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு, வலி மாத்திரையோ ஊசியோ கொடுத்ததும் பயிற்சியைத் தொடங்குங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை உள்ள அந்த அரைமணி நேரம் மிக நீண்டது, அதைக் கடக்க இது கைகொடுக்கும். எழுந்து நடக்கும்முன் ஐந்து நிமிடம். எழும்போது ஒருக்களித்துப் படுத்து, கையால் ஊன்றி, வாய் லேசாகத் திறந்தபடி மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். மூச்சை அடக்கினால் வயிறு இறுகிவிடும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்து இருமுங்கள். நடந்து வந்து படுத்ததும் மறுபடி 15 நிமிடம்.

எங்கே தவறுகிறது

மிகப் பொதுவான தவறு, வலி உச்சத்துக்குப் போன பிறகு முதன்முறையாக முயல்வது. மதிப்பெண் 8, 9 இருக்கும்போது புதிதாக எதையும் கற்க முடியாது. அந்த நேரத்தில் தேவை மருந்து. அது 4, 5க்கு இறங்கியதும் பயிற்சி. முன்கூட்டியே பழகச் சொல்வது இதனால்தான்: பழகிய உடல், இசையின் முதல் சில நொடிகளிலேயே தளரத் தொடங்கிவிடும்.

‘மூச்சை நன்றாக இழுங்கள்’ என்று யாராவது அருகில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தால் சிலர் வேகவேகமாகப் பெருமூச்சு இழுப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலைசுற்றல், விரல்களில் மதமதப்பு வரும். அளவான மூச்சே போதும். நீட்ட வேண்டியது வெளியே விடும் மூச்சை.

யூடியூபில் இசை போட்டால் நடுவில் விளம்பரம் அலறும். பாட்டைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு, ஃப்ளைட் மோடில் போடுங்கள். ஒலி, பக்கத்தில் இருப்பவர் மெதுவாகப் பேசும் அளவுக்குமேல் வேண்டாம். வார்டில் இருந்தால் ஹெட்போன் தேவை, ஆனால் நர்ஸ் கூப்பிட்டால் கேட்க வேண்டும். தையல், குழாய் இருக்கும் பக்கமாக ஒயரைப் போடாதீர்கள்.

மிகச் சிலருக்குக் கண்ணை மூடித் தளர முயன்றாலே படபடப்பு கூடும். பழைய கசப்பான நினைவுகள் மேலே வரும். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இசையை மட்டும் கேட்கலாம். வற்புறுத்தக் கூடாது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

இசையும் வலியும் குறித்த 51 ஆய்வுகளை 2006இல் தொகுத்த கொக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வு, வலி மதிப்பெண் 10க்குச் சராசரியாக அரைப் புள்ளி குறைந்ததாகவும், ஆபரேஷன் முடிந்த இரண்டு மணி நேரத்தில் மார்ஃபின் என்ற பலமான வலி மருந்தின் தேவை சுமார் 18 சதவீதம் குறைந்ததாகவும் கண்டது. பயன் சிறியது, முதன்மைச் சிகிச்சையாக இதைக் கொள்ளக் கூடாது என்றும் அதுவே சொன்னது. 2015இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த தொகுப்பு 73 ஆய்வுகளைப் பார்த்தது. வலி, பதற்றம், வலி மருந்தின் தேவை மூன்றும் குறைந்திருந்தன. ஆபரேஷனுக்கு முன், நடுவில், பின் எப்போது கேட்டாலும் பயன் இருந்தது. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையவில்லை. அரைப் புள்ளி என்பது சராசரி; சிலருக்கு ஒன்றுமே இருக்காது, சிலருக்கு அதைவிட நிறைய இருக்கும். செலவும் பக்கவிளைவும் ஏறக்குறைய இல்லாத ஒன்றுக்கு இது நல்ல பலன் என்பது எங்கள் கருத்து.

தூக்கத்தில் பலன் நன்றாகவே தெரிகிறது. தைவானில் தூக்கமின்மையால் அவதிப்பட்ட 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், படுக்கும் நேரத்தில் 45 நிமிடம் மெதுவான இசையை மூன்று வாரம் கேட்டார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களின் தூக்கத்தின் தரம் கூடியது, வாரத்துக்கு வாரம் பலனும் வளர்ந்தது. நாள்பட்ட மூட்டு வலிக்காரர்களுக்கு இது முக்கியம். இரவு தூங்காதவருக்கு மறுநாள் வலி கூடுதலாகத் தெரியும்; வலி கூடினால் அடுத்த இரவும் தூக்கம் போகும்.

சில வலிகளுக்கு இந்தப் பயிற்சியை முயன்று நேரத்தைக் கழிக்கவே கூடாது. நெஞ்சை அழுத்தி இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, இதுவரை வராத அளவு திடீரென்று வெடிக்கும் தலைவலி, வயிறு பலகைபோல் விறைத்து வரும் வலி, காய்ச்சலோடு தையல் சிவந்து சீழ் வைப்பது, ஆபரேஷனுக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல்: இவற்றுக்கு உடனே மருத்துவர் வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் ஆம்புலன்ஸ் வரும். ஆபரேஷன் ஆனவருக்கு நேற்றுவரை தளர்வுக்குக் கட்டுப்பட்ட வலி இன்று கட்டுப்படாமல் ஏறிக்கொண்டே போனால், அதுவும் நர்ஸிடம் சொல்ல வேண்டிய செய்திதான்.

கூடத் தங்குபவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் நடக்காது. முதல் நாள் மயக்கமும் மருந்தும் சேர்ந்து நோயாளிக்குப் போனைக் கையில் எடுக்கவே தோன்றாது. இசையைப் போட்டுவிட்டு, “பல்லைக் கடிக்காதீங்க, வாயை லேசா விடுங்க” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, 15 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். பார்க்க வந்த உறவினரையும் அந்த நேரத்தில் வெளியே உட்கார வையுங்கள். மார்ஃபின் போன்ற மருந்து போயிருந்தால் மட்டும் கண் நோயாளியின்மேல் இருக்கட்டும்: தளர்ந்து தூங்குபவர் கூப்பிட்டால் விழிப்பார், மூச்சு சீராக இருக்கும். கூப்பிட்டும் விழிக்காமல், மூச்சுக்கு மூச்சு நீண்ட இடைவெளி விழுந்தால் அது மருந்தின் அளவு மிஞ்சியதாக இருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.